சூரிய மண்டலத்தின் முதல் கல்லைவிட இரும்பு விண்கல் மூத்ததா?

பீன்யா செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பெங்களூர் பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஃபர்னஸ் சார்ட் பார்ப்பது, சாம்பிள் வெட்டி பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. படிப்பு டிப்ளமோ மெட்டலர்ஜிதான், விண்வெளி சமாச்சாரம் எல்லாம் ஆசைக்குப் படிப்பது.

ஸ்வீடனில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது மூனியோனலுஸ்தா என்ற இரும்பு விண்கல்லில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஷாப்பிலேயே 1200 கிரிட் வரை தேய்த்து, டயமண்ட் பேஸ்ட்டில் பாலிஷ் போட்டு, நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் ஆசிட்) எட்ச் செய்தேன். பட்டை பட்டையாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு கோடுகள் எழும்பி வந்தன. விட்மன்ஸ்டாட்டன் அமைப்பு. எங்கள் தொழிலில் இந்தப் பெயர் வந்தாலே ரிஜெக்‌ஷன்தான்: காஸ்டிங் அதிக சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம், கஸ்டமர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் நாங்கள் பார்ப்பது நூறு மடங்கு பெரிதாக்கினால் தெரியும் ஊசிகள். இதுவோ வெறும் கண்ணுக்கே தெரிகிறது, விரலை ஓட்டினால் வரி தட்டுப்படுகிறது. பத்து லட்சம் வருஷத்துக்குச் சில நூறு, சில ஆயிரம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்ந்தால்தான் இப்படி வருமாம். எந்த ஃபர்னஸ் ஆபரேட்டர் அவ்வளவு நேரம் நிற்பான்!

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த இரும்புகள் எல்லாம் சூரிய மண்டலத்தின் ஆரம்பத்தில் இருந்த சிறு கோள்களின் உள்மையம் என்கிறார்கள். டங்ஸ்டன் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு வகை) வைத்து, மையம் எப்போது பிரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். அதைத் தேடிப் படித்தபோது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முந்தைய அளவீடுகளில் சில இரும்பு விண்கற்களின் வயது, சூரிய மண்டலத்திலேயே முதலில் உறைந்த பொருள் என்று சொல்லப்படும் கால்சியம்-அலுமினியப் பொட்டுகளைவிட அதிகமாக வந்திருக்கிறது. அதெப்படி? பின்னால் வந்த கட்டுரைகளில் "காஸ்மிக் கதிர் விளைவுக்குத் திருத்தம் செய்தபின்" எல்லாம் சரியாகிவிட்டதாம். எங்கள் ஷாப்பில் ஹார்ட்னெஸ் ஸ்பெக்குக்குள் வராமல் போய், யாராவது ரீடிங்கை "திருத்தினால்" அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். இவர்கள் எதைத் திருத்துகிறார்கள், எந்த தைரியத்தில்?

இன்னொன்று. காஸ்மிக் கதிர் பட்ட பொருள் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் அதை ஷோகேஸில் வைக்க விடமாட்டேன் என்கிறாள். குழந்தை இருக்கும் வீடு. ஏதாவது சொல்லுங்கள்.

ஜெயராமன், அல்சூர்:

செந்தில் தம்பி, முதலில் வீட்டம்மா கேட்டதற்குப் பதில். தாராளமாக ஷோகேஸில் வைக்கலாம். விண்வெளியில் இருந்தபோது அந்த இரும்புக்குள் கதிரியக்க அணுக்கள் உண்டானது உண்மைதான். ஆனால் மூனியோனலுஸ்தா பூமியில் விழுந்து பல லட்சம் வருஷம் ஆகிறது. டைட்டானியம்-44 மாதிரி அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) அறுபது வருஷம் உள்ளதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. பெரிலியம்-10, மாங்கனீஸ்-53 போன்று லட்சக்கணக்கில் ஆயுள் உள்ளவை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவற்றை எண்ணுவதற்கே ஆக்ஸிலரேட்டர் வைத்த லேப் வேண்டும். கதிர் அளக்கும் சர்வே மீட்டரைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் அசையாது. துருவுக்குப் பயந்தால் நியாயம்.

நான் இதைத் தைரியமாகச் சொல்லக் காரணம், வேலைக்காலம் முழுவதும் ரேடியோகிராஃபியில், அதாவது உலோகத்துக்குள் கதிரைச் செலுத்திக் குறை தெரியப் படம் எடுக்கும் வேலையில், கழித்தவன். பாய்லர் வெல்டு, பெரிய வால்வு காஸ்டிங், பைப்லைன்… ராத்திரி ஷிஃப்டில் கயிறு கட்டி, ஆட்களை விலக்கி, இரிடியம் சோர்ஸை வெளியே தள்ளி ஃபிலிம் எடுப்போமே, அந்தக் கூட்டம். உங்கள் ஷாப்புக்கும் யாராவது இந்த ரேடியோகிராஃபி (ஆர்டி) செய்ய வந்திருப்பார்கள். அந்த மஞ்சள் கேமராவுக்குள் இருப்பதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் என்றால் நம்புவீர்களா?

அதற்கு முன் டங்ஸ்டன் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். ஹாஃப்னியம்-182 என்று ஒன்று இருந்தது. அரை ஆயுள் சுமார் 89 லட்சம் வருஷம், அது சிதைந்தால் டங்ஸ்டன்-182. ஹாஃப்னியம் கல்லோடு ஒட்டும், டங்ஸ்டன் இரும்போடு போகும். சிறு கோள் உருகி, இரும்பு மையத்துக்கு இறங்கும்போது டங்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு போகிறது, ஹாஃப்னியத்தை மேலே கல்லில் விட்டுவிடுகிறது. அந்த நிமிஷத்திலிருந்து இரும்புக்குள் டங்ஸ்டன்-182 கூட வழியே இல்லை, கணக்கு நின்றுவிட்டது. சீக்கிரம் பிரிந்த மையத்தில் 182 குறைவாக இருக்கும், தாமதமாகப் பிரிந்ததில் கூடுதலாக இருக்கும்.

வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதையும் மனதில் வையுங்கள். எப்சிலான் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பூமியின் டங்ஸ்டனில் 182-க்கும் 184-க்கும் உள்ள விகிதத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். அந்தக் கால்சியம்-அலுமினியப் பொட்டுகள் உறைந்தபோது இருந்த மதிப்பு −3.49. அதுதான் தரை. அதற்குக் கீழே போகவே முடியாது, ஏனென்றால் அதற்கு முன் உறைந்த பொருளே கிடையாது. இந்த அளவுகோலில் 0.1 எப்சிலான், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு மாறினால், ஏறக்குறைய பத்து லட்சம் வருஷம் மாறிவிடும்.

இப்போது நீங்கள் படித்த சிக்கல். சில இரும்புகளில் அளந்த மதிப்பு அந்தத் தரைக்கும் கீழே போனது. சில −4-ஐ ஒட்டியும் வந்தன. அப்படியானால் கோளின் மையம், கோளைக் கட்டிய முதல் தூசிக்கு முன்பே பிறந்துவிட்டதா? யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எதுவோ பின்னால் வந்து 182-ஐத் தின்றிருக்கிறது.

தின்றது நியூட்ரான். காஸ்மிக் கதிர் என்பது பெரும்பாலும் அதிவேகப் புரோட்டான். அது இரும்பு அணுவில் மோதினால் அணு சிதறும், சிதறலில் நியூட்ரான்கள் தெறிக்கும். அந்த நியூட்ரான் மெதுவாகி அலையும்போது டங்ஸ்டன்-182 அதை விழுங்கிவிட்டு 183 ஆகிவிடுகிறது. 184-உம் விழுங்கும், ஆனால் 182-க்கு இருக்கும் பசியில் சிறு பங்குகூட அதற்கு இல்லை. அதனால் 182-க்கும் 184-க்கும் உள்ள விகிதம் இறங்குகிறது. இறங்கினால் கடிகாரம் என்ன காட்டும்? "நான் சீக்கிரம் பிரிந்தவன்" என்று காட்டும். உண்மையில் மையம் பிரிந்து பல நூறு கோடி வருஷத்துக்குப் பிறகு, கோள் உடைந்து, துண்டு வெட்டவெளியில் சுற்றியபோது நடந்த சேதம் அது.

இரும்பு விண்கற்களில் இது தலைவலியாக ஆனதற்குக் காரணம், அவை வெளியில் சுற்றிய காலம் மிக அதிகம். கல் வகை விண்கற்கள் பெரும்பாலும் சில கோடி வருஷத்துக்குள் மோதி உடைந்து பொடியாகிவிடும். இரும்பு உடைவதில்லை. உங்கள் துண்டு 4ஏ என்ற வகை (இரும்பு விண்கற்களை வேதியியல் கலவையை வைத்துப் பிரித்த பெயர், ரோமன் எண்ணில் எழுதுவார்கள்). அந்த வகையில் பல கற்கள் சுமார் 40 கோடி வருஷம் கதிர் வாங்கியவை. 3ஏபி வகை சுமார் 65 கோடி. டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒன்று 200 கோடியையும் தாண்டியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நியூட்ரான் கனமான இரும்பு அணுவில் மோதித் திரும்பும்போது ஒரு மோதலுக்கு அதிகபட்சம் ஏழு சதவீத ஆற்றலைத்தான் இழக்கும். கல்லில் ஆக்ஸிஜன் இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது, சீக்கிரம் தணிந்துவிடும். இரும்புக்குள் அது நடு வேகத்திலேயே வெகு நேரம் அலையும். டங்ஸ்டன் போன்ற அணுக்களுக்கு அந்த நடு வேகத்தில்தான் சில குறிப்பிட்ட ஆற்றல்களில் விழுங்கும் திறன் திடீரென்று எகிறும்.

இனி என் இரிடியம். ரேடியோகிராஃபி சோர்ஸ் எப்படிச் செய்கிறார்கள்? சாதாரண இரிடியம் உலோகத் துண்டை எடுத்து டிராம்பே ரியாக்டரில் நியூட்ரானுக்குக் காட்டுகிறார்கள். இயற்கை இரிடியத்தில் 37 சதவீதம் 191. அது நியூட்ரானை விழுங்கி 192 ஆகும். அரை ஆயுள் 74 நாள். அந்த 74 நாள் கணக்கை வைத்துத்தான் எங்கள் எக்ஸ்போஷர் நேரமெல்லாம். புது சோர்ஸில் நாலு நிமிஷம் என்றால், இரண்டரை மாதம் கழித்து அதே வெல்டுக்கு எட்டு நிமிஷம். டிகே சார்ட்டை (சோர்ஸ் நாளுக்கு நாள் எவ்வளவு குறையும் என்ற அட்டவணை) பார்க்காமல் படம் எடுத்து வெளிறிப்போன ஃபிலிமோடு நின்று திட்டு வாங்கிய பையன்கள் எத்தனையோ பேர். சரி, சிதைந்து அது என்ன ஆகிறது? நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு பிளாட்டினம்-192. செத்த சோர்ஸைத் திருப்பி மும்பைக்கு அனுப்புகிறோமே, அதற்குள் கொஞ்சம் பிளாட்டினம் போகிறது!

இதே வேலைதான் விண்கல்லுக்குள்ளும் நடக்கிறது. இரும்பு விண்கல்லில் இரிடியமும் பிளாட்டினமும் இயற்கையாகவே உண்டு. நியூட்ரான் பட்டால் இரிடியம்-191 போய்ப் பிளாட்டினம்-192 வரும். சாதாரண பிளாட்டினத்தில் 192 என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.78 சதவீதம்தான். அவ்வளவு குறைவாக உள்ள இடத்தில் சிறிது கூடினாலும் பளிச்சென்று தெரியும். பிளாட்டினம்-195 நியூட்ரானை விழுங்கி 196 ஆவதும் தனியாக அளக்கக் கூடியது. ஆக, நாங்கள் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போன ஃபிலிம் பேட்ஜ் மாதிரி, அந்தத் துண்டு எவ்வளவு நியூட்ரான் வாங்கியது என்பதைப் பிளாட்டினம் பதிந்து வைத்திருக்கிறது. வயதைக் கேட்பதற்கு முன் அதை வாங்கிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன "ரீடிங் திருத்துவது" இதுவல்ல. தேவைக்கு ஏற்ப எண்ணை மாற்றவில்லை. வாங்கிய கதிரின் அளவை, அதாவது டோஸை, வேறொரு தனிமத்தில் தனியாக அளந்து, அதைக் கழிக்கிறார்கள்.

முரளி, கோரமங்கலா:

ஜெயராமன் சார் நன்றாகச் சொல்கிறார், ஆனால் செந்திலின் சந்தேகம் எனக்குத் தீரவில்லை. விடை இப்படித்தான் வரவேண்டும் என்று முன்பே தெரியும், −3.49-க்குக் கீழே வரக்கூடாது. அப்புறம் கீழே வந்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கழித்தால் மேலே வரத்தானே செய்யும்? நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். பாஸ் ஆகும்வரை டெஸ்ட்டை மாற்றும் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன்.

வித்யா சி.:

முரளி, சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் ஐசோடோப்பு லேபில், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு மல்லுக்கட்டுபவள் (விண்கல் அல்ல, பூமிப் பாறைகள்), அதனால் செய்முறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரே வகையைச் சேர்ந்த பல விண்கற்களை எடுத்துக்கொள்கிறார்கள். 4பி வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே சிறு கோளின் மையத்திலிருந்து வந்தவை, அதனால் மையம் பிரிந்த காலமும் ஒன்றே. திருத்தம் ஏதும் செய்யாமல், அளந்த டங்ஸ்டன் மதிப்பைச் செங்குத்தாகவும், அளந்த பிளாட்டினம்-196 மதிப்பைக் கிடையாகவும் வரைபடத்தில் போடுகிறார்கள். டங்ஸ்டன் தாறுமாறாகச் சிதறியிருப்பது போலத் தெரிந்த கற்கள் எல்லாம் சரிந்து இறங்கும் நேர்கோட்டில் வந்து உட்காருகின்றன. பிளாட்டினம் அதிகம் மாறியிருந்தால் டங்ஸ்டனும் அதிகம் இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டைப் பிளாட்டினம் பூஜ்யம் வரை பின்னோக்கி நீட்டினால் கதிர் படுவதற்கு முன்பிருந்த டங்ஸ்டன் கிடைக்கிறது. கோடு எங்கே போய் முட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோட்டின் சரிவு அணுக்கரு இயற்பியல் மாதிரிக் கணக்கோடும் பொருந்துகிறது, அதுவும் தனியாகப் போட்ட கணக்கு.

டெஸ்ட்டை மாற்றியிருந்தால் எல்லா வகையும் −3.49-இல் போய் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட அளவீட்டில் 2ஏபி வகை −3.40, 4பி வகை −3.18 என்று வெவ்வேறாக நின்றன. காலமாக மாற்றினால் முதலாவது பொட்டுகளுக்குப் பின் சுமார் 7 லட்சம் வருஷம், மற்றது சுமார் 30 லட்சம் வருஷம். முன்பு கதிர்ச் சேதம் இந்த வேறுபாட்டை முழுக்க மூடியிருந்தது. திருத்தத்தால் பாரடாக்ஸ் தீர்ந்தது என்பதைவிட, இந்த வேறுபாடு வெளியே வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு முன் ஹீலியத்தை டோசிமீட்டராக, அதாவது டோஸ் காட்டும் அளவியாக, வைத்துப் பார்த்தார்கள். ஹீலியம்-3 குறைவாக இருந்தால் துண்டு ஆழத்தில் பதுங்கியிருந்தது, டங்ஸ்டனும் தப்பியிருக்கும் என்று. ஓரளவுக்குத்தான் உதவியது. ஹீலியம்-3 பிறப்பது அதிவேக மோதலில், டங்ஸ்டன் அழிவது நடு வேக நியூட்ரானில். மேல்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக முதலாவது குறைந்துகொண்டே போகும். இரண்டாவது கொஞ்ச தூரம் கூடிவிட்டுப் பிறகு குறையும். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால் ஹீலியமும் இதே மாதிரி ஒருமுறை ஆட்களை ஏமாற்றியிருக்கிறது. ஃபிரிட்ரிஷ் பானெத் என்ற வேதியியலாளர், இரும்பு விண்கல்லில் இருந்த ஹீலியம் யுரேனியம், தோரியம் சிதைவில் வந்தது என்று எடுத்துக்கொண்டு வயது கணக்கிட்டார். 1947-இல் கார்ல் பவர் என்பவர் அது காஸ்மிக் கதிரால் உண்டானதாக இருக்கலாம் என்றார். யுரேனியச் சிதைவில் ஹீலியம்-4 மட்டுமே வரும். 1952-இல் பானெத் குழுவே விண்கல்லில் ஹீலியம்-3 ஏராளமாக இருப்பதை அளந்து காட்டியது, பழைய வயதுகள் செல்லாமல் போயின. 1958-இல் ஹாஃப்மனும் நீயரும் கிராண்ட் என்ற விண்கல்லின் வெட்டுப் பரப்பு முழுவதும் புள்ளி புள்ளியாக ஹீலியம்-3 அளந்து, சம அளவுக் கோடுகள் வரைந்தார்கள். கல் விண்வெளியில் எந்த வடிவில் இருந்தது, காற்றில் எந்தப் பக்கம் எவ்வளவு எரிந்தது என்பதை அந்தக் கோடுகளிலிருந்தே ஊகிக்கலாம். எனக்கு மிகப் பிடித்த அளவீடு அது.

செந்தில், உங்களுக்குத் தொழில் முறையில் பிடிக்கும் தகவல் ஒன்று. இந்த வேலைக்கு விண்கல் வெட்டும்போது டங்ஸ்டன் கார்பைடு டூலை அந்தப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) ஹாக்ஸா பிளேடும் கூடாது, அதிலும் டங்ஸ்டன் உண்டு. விண்கல்லில் டங்ஸ்டன் இருப்பது டன்னுக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் என்ற கணக்கில்தான். கார்பைடு துகள் ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், பூமியின் டங்ஸ்டன் கலந்து மதிப்பு பூஜ்யம் பக்கம் ஏறிவிடும். கதிர் கல்லை மூத்ததாகக் காட்டும், உங்கள் கார்பைடு டூல் இளையதாகக் காட்டும்.

கேஜிஎஃப் அந்தோணி:

காஸ்மிக் கதிர் என்ற பேச்சு வந்ததால் எங்கள் ஊர் பெருமையை விட்டுவிட முடியாது. கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவி வைத்திருந்தார்கள். காஸ்மிக் கதிரிலிருந்து தப்புவதற்குத்தான் அவ்வளவு ஆழம். அங்கேதான் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன், மரத்தூண் முட்டுக் கொடுப்பவர். "மேலே இல்லாததைத் தேடி இவர்கள் ஏன் எங்களோடு கூண்டில் இறங்குகிறார்கள்" என்று கேட்பாராம்.

என் சந்தேகம்: இரண்டு கிலோமீட்டர் பாறை இருந்தும் துகள்கள் வந்தன. விண்கல்லில் மட்டும் எப்படி உள்பக்கம் தப்பிக்கிறது?

ஜெயராமன், அல்சூர்:

அந்தோணி, அப்பா கேட்டது நல்ல கேள்வி. அங்கே அவ்வளவு ஆழம் வரை வந்தது மியூவான், பொருளோடு அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்ளாத துகள். அணுவை உடைக்கிற புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரும்பில் ஒரு மீட்டருக்கு மேல் போனால் அவற்றின் கை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பெரிய கோளுக்குள் இருக்கும் வரை மையம் பத்திரம். உடைந்து சில மீட்டர் துண்டாக வெளியே வந்தபின்தான் சேதம். அதனால்தான் இந்தச் சேதத்தை வைத்தே துண்டு உடைந்து வெளியே வந்து எவ்வளவு காலம் என்றும் கணக்கிடுகிறார்கள்.

ஷீல்டிங் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்று பெருமையடிக்கலாம். எங்கள் கேமராவுக்குள் கேடயமாக வைத்திருந்தது சத்து நீக்கிய யுரேனியம். புதுப் பையன்களிடம் சொன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

பீன்யா செந்தில்:

ஜெயராமன் சார், வித்யா மேடம், ரொம்ப நன்றி. திருத்தம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வந்த கோபம் போய்விட்டது. எங்களிடமும் ஃபர்னஸில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் வயதாகி இறங்கிக் காட்டும். அதைத் தனியாக மாஸ்டர் தெர்மோகப்பிள் வைத்து அளந்து ஆஃப்செட் போடுவோம், யாரும் அதை மோசடி என்பதில்லை. மனைவியிடம் முதல் பதிலை வாசித்துக் காட்டினேன். "துருவுக்குப் பயப்படச் சொன்னாரே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்" என்கிறாள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். படிக்கும்போது மாலிப்டினம் ஐசோடோப்பு மாறியிருக்கிறது, அதற்கும் வியாழன் கோளுக்கும் சம்பந்தம் என்றெல்லாம் வருகிறதே. அதுவும் காஸ்மிக் கதிர்தானா? அப்புறம், கொடைக்கானலில் ஓர் இரும்பு விண்கல் கிடைத்ததாக எங்கள் ஊர் வாத்தியார் சொல்வார், எங்கள் ஊர் வத்தலக்குண்டு. அது உண்மையா?

வித்யா சி.:

மாலிப்டினம் வேறு கதை. சூரியன் பிறப்பதற்கு முன்பே பலவகை நட்சத்திரங்கள் வெந்து கொட்டிய அணுக்கள்தான் நம் மூலப்பொருள். மெதுவாக நியூட்ரான் சேர்த்துச் செய்தவை, வேகமாகச் சேர்த்துச் செய்தவை என்று கலவை இடத்துக்கு இடம் சற்று மாறியிருந்தது. அந்த மாற்றம் மாலிப்டினத்தில் நன்றாகத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது என்றால், நட்சத்திரக் கலவையால் வந்த மாற்றம் ஒரே வகையைச் சேர்ந்த எல்லாக் கற்களிலும் ஒரே அளவில் இருக்கும், துண்டின் நடுவில் எடுத்தாலும் ஓரத்தில் எடுத்தாலும் மாறாது. காஸ்மிக் கதிர் மாற்றம் கல்லுக்குக் கல், ஆழத்துக்கு ஆழம் மாறும். சில வகைகளில் டங்ஸ்டனிலேயே இரண்டும் கலந்திருக்கும். 4பி அப்படித்தான். அங்கே டங்ஸ்டன்-183-ஐப் பார்த்து நட்சத்திரக் கலவையின் பங்கைத் தனியாகக் கழிக்க வேண்டும். பிளாட்டினத்தில் மட்டும் கதிர்ப் பங்கைக் கழித்தபின் வகைக்கு வகை வேறுபாடு எதுவும் மிஞ்சியதாகத் தெரியவில்லை. அதனால்தான் அது நம்பகமான டோசிமீட்டர்.

மாலிப்டினத்தை வைத்துப் பார்த்தால் விண்கற்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. உங்கள் 4ஏ ஒரு கூட்டம், 4பி மற்றொரு கூட்டம். சூரியனுக்கு அருகே உண்டானவை, தொலைவில் உண்டானவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். டங்ஸ்டன் வயதையும் சேர்த்துப் பார்த்தால், பத்து லட்சம் வருஷத்துக்குள்ளேயே இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். தடுப்பாக நின்றது வளர்ந்துகொண்டிருந்த வியாழன், அதன் கரு அதற்குள் பூமியைப் போல 20 மடங்கு நிறைக்கு வளர்ந்துவிட்டது என்று 2017-இல் ஒரு கட்டுரை வாதிட்டது. வியாழன் தேவையில்லை, சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டில் அழுத்தம் கூடிய வளையம் இருந்தாலே தூசி அந்தப் பக்கம் நின்றுவிடும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சி மேல் சாய்வு அதிகம். ஆனால் எந்தக் கட்சியாக இருந்தாலும், பிளாட்டினத்தைப் பார்க்காமல் எடுத்த டங்ஸ்டன் வயதை வைத்து இந்தச் சண்டையையே ஆரம்பித்திருக்க முடியாது.

கொடைக்கானல் உண்மைதான். 1898-இல் பழனி மலையில் கிடைத்தது, 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2இ என்ற வகை. அதைக் கோளின் மையம் என்று சொல்லிவிட முடியாது. இரும்புக்குள் கண்ணாடியும் சிலிக்கேட்டும் குமிழ் குமிழாகச் சிக்கியிருக்கின்றன. சுத்தமாகப் பிரிந்த மையத்தில் அப்படி இருக்காது. 1967-இல் பர்னட்டும் வாசர்பர்க்கும் அந்தச் சிலிக்கேட்டை ரூபிடியம்-ஸ்ட்ரான்ஷியம் முறையில் அளந்தபோது 380 கோடி வருஷம் வந்தது. சூரிய மண்டலத்தின் வயது 456 கோடிக்கும் மேல். ஆகவே நம் ஊர் இரும்பு, ஏதோ பெரிய மோதலில் வெகு காலம் கழித்து உருகிக் கலந்தது என்பதே பொதுவான கருத்து. இரும்பு விண்கல் என்றாலே முதல் சில லட்சம் வருஷத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஜெயராமன், அல்சூர்:

துருவுக்கு: எட்ச் செய்தபின் ஆசிட் மிச்சம் உள்ளே நிற்கக் கூடாது. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு சுத்த ஆல்கஹாலில் ஊறவைத்து, அவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே ஈரம் போகும்வரை வையுங்கள். உங்களிடம் டெம்பரிங் ஃபர்னஸ் இருக்கிறது என்பதற்காக அதில் போட்டுவிடாதீர்கள், நானூறு ஐந்நூறு டிகிரி போனால் கோடுகளின் நிறமே மாறிவிடும். மேலே மெல்லிய மெஷின் ஆயில், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல். மூனியோனலுஸ்தா துருப்பிடிக்கும் ஜாதி என்று பெயர் வாங்கியது. பெங்களூர் ஜூலை மாதத்தில் ஜெல் பையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.